படம் போடுங்கள், பாறையின் விலாசம் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் பேப்பரின் வேலூர் பதிப்பில், கோடை விடுமுறைக்காகப் பறவைப் படப் போட்டி என்று ஒரு அறிவிப்பு பார்த்தேன். நல்ல விஷயம்தான். சினிமாவும் கிரிக்கெட்டும் போக மீதி இடத்தில் ஒரு மீன்கொத்திக்கும் இடம் கிடைக்கிறது என்றால் எனக்குச் சந்தோஷம். படத்தோடு பறவையின் பெயர், எடுத்த தேதி எல்லாம் கேட்டிருக்கிறீர்கள், சரி. கடைசி வரி வந்தபோதுதான் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். கூடு, முட்டை, குஞ்சு படங்களுக்கு முன்னுரிமை, எடுத்த இடத்தின் கூகுள் லொகேஷனையும் அனுப்பவும், படத்தோடு வெளியிடுவோம் என்று போட்டிருந்தது. அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் என் தப்பையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும், அதனால் கொஞ்சம் நீளும்.

நான் பறவை படித்தவன் இல்லை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் 22 வருஷம் தோல் வெட்டும் செக்ஷனில் இருந்தவன். வேலை என்னவென்றால், ஒரு தோலை மேசையில் விரித்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, உண்ணி கடித்த வடு எங்கே, முள் கீறின கோடு எங்கே, சூடு போட்ட தழும்பு எங்கே என்று கண்டுபிடித்து, அதெல்லாம் ஷூவின் முகப்பில் வராதபடி வெட்ட வேண்டும். இருபது வருஷம் இதையே பார்த்தால் கண்ணுக்கு ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. ஒரே நிறமாக இருக்கிற இடத்தில் ஒரு பொட்டு மாறினாலும் கண் அங்கே போய் நிற்கும். பாறைமேல் உட்கார்ந்திருக்கிற பறவையைப் பிடிக்க இந்தக் கண் போதும். பைனாகுலர் எல்லாம் அப்புறம் வாங்கினது.

ஆரம்பித்தது ஏலகிரியில். லீவு நாளில் ஜோலார்பேட்டையில் இறங்கி முதல் பஸ்ஸைப் பிடித்தால் வெயில் ஏறுவதற்குள் மலைமேல் இருக்கலாம். அந்த 14 கொண்டை ஊசி வளைவுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள், மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் பெயரிலும் ஒன்று இருக்கிறது. பஸ்ஸில் வருகிறவர்கள் அந்தப் போர்டோடு செல்பி எடுப்பார்கள், பக்கத்துப் புதரில் மயில் நின்றால் பார்க்க மாட்டார்கள். 'ஏலகிரியில் என்ன சார் இருக்கு, ஒரு போட்டிங், ஒரு பார்க்' என்று சொல்கிறவர்கள் எல்லாம் பத்து மணிக்கு மேல் வந்து நாலு மணிக்கு இறங்குகிறவர்கள். பறவைக்கு அது தூங்குகிற நேரம்.

மங்கலம் கிராமத்திலிருந்து சுவாமிமலைக்கு ஏறுகிற பாதையில் ஆறரை மணிக்குள் கால் வைத்துப் பாருங்கள். கீழே மரத்தடியில் தவிட்டுக்குருவிக் கூட்டம் ஏழெட்டு சேர்ந்து ஒரே சண்டை. கொஞ்சம் ஏறினால் மாம்பழச்சிட்டின் விசில். எங்கேயோ ஒரு குக்குறுவான் டொக் டொக்கென்று பாத்திரக்கடைக்காரன் மாதிரி தட்டிக்கொண்டே இருக்கும். குளிர்காலமாக இருந்தால் ஆறுமணிக்குருவி வடக்கேயிருந்து வந்திருக்கும். விடியலிலும் அந்தியிலும் குரல் கொடுக்கும், பெயரே அதனால் வந்ததுதான். சருகுக்குள் தத்தித் தத்திப் போகிற அந்தச் சின்ன உடம்பில் பச்சை, நீலம், அடிவயிற்றில் சிவப்பு என்று இத்தனை நிறம் எதற்கு என்று தோன்றும். மரம் குறைந்து பாறையும் முள்ளுமாக ஆகிற உயரத்தில்தான் எனக்கு உயிர். மஞ்சள்தொண்டைச் சின்னான் இருக்கிற இடம் அது. கொண்டை கிடையாது, சாம்பல் உடம்பு, தலையில் மஞ்சள் பூச்சு, தொண்டை மட்டும் நல்ல மஞ்சள். நம்ம வீட்டுக் கொல்லைச் சின்னான் மாதிரி மின்கம்பியில் வந்து உட்காராது. பாறை இடுக்கில் இருந்து பாறை இடுக்குக்குப் போகும், ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் முகம் காட்டும். இது தென்னிந்தியாவை விட்டால் உலகத்தில் வேறு எங்கேயும் கிடையாது. 1845-ல் ஜெர்டன் என்கிற வெள்ளைக்கார டாக்டர் இதை முதலில் எழுதிவைத்தார், இன்றைக்கு அழியும் ஆபத்தில் உள்ள பறவைகள் பட்டியலில் இருக்கிறது. பாறையைக் குவாரிக்கு உடைத்தால் இதற்குப் போக்கிடம் இல்லை. நான் மூன்று வருஷம் ஏறி இறங்கி மொத்தம் நாலு தடவை பார்த்திருக்கிறேன், அதில் ஒரு தடவை முதுகு மட்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பாலாற்றை ஒட்டி எங்கள் பக்கத்தில் மொட்டை மலைகள் நிறைய, உங்களுக்குத் தெரியும், ஹைவேயில் போனால் இரண்டு பக்கமும் தெரிகிறதே அதுதான். அதில் ஒன்றில் (பெயர் எழுத மாட்டேன், காரணம் கீழே வரும்) கோயில் படிக்கட்டை விட்டு விலகி ஆடு மேய்க்கிறவர்கள் போகிற ஒரு தடம் உண்டு. போன வருஷத்துக்கு முந்தின கார்த்திகையில் அந்தத் தடத்தில் போகும்போது ஒரு செங்குத்துப் பாறையில் சுண்ணாம்பு வழிந்த மாதிரி வெள்ளைக் கோடுகள் கண்ணில் பட்டன. எச்சம். அதற்கு நேர்க்கீழே தரையில் கட்டைவிரல் பருமனில் சாம்பல் நிற உருண்டைகள் கிடந்தன. ஒன்றை எடுத்துக் குச்சியால் பிரித்துப் பார்த்தேன். உள்ளே முழுக்க மயிர், அதற்குள் பொடிப்பொடி எலும்பு, ஒரு எலியின் கீழ்த்தாடை அப்படியே முழுசாக, முன்பல் மஞ்சளாக வளைந்து, பல் துலக்காத கிழவன் பல் மாதிரி. கொம்பன் ஆந்தை தின்றுவிட்டுச் செரிக்காததைக் கக்குகிற உருண்டை அது. எங்கள் ஊரில் கோட்டான் என்போம். கோட்டான் கத்தினால் அந்தத் தெருவில் சாவு விழும் என்று என் பாட்டி சொல்வார். நான் பிரித்த ஒரே உருண்டையில் மூன்று எலி மண்டை எண்ணினேன், பக்கத்தில் நெல்லும் கடலையும் போட்டிருக்கிற குடியானவனுக்கு இதைவிடச் சம்பளம் வாங்காத காவல்காரன் எங்கே கிடைப்பான்?

மார்கழியில் மறுபடியும் போனேன். பாறை விளிம்பில் ஒரு குழிவு, முன்னால் உண்ணிச்செடி படர்ந்து திரை மாதிரி மறைத்திருந்தது. கூடு என்று ஒன்றும் கிடையாது, இந்தப் பறவை வெறும் மண்ணில்தான் முட்டை இடும். எதிர்ப் பாறையில் படுத்துக்கொண்டு பைனாகுலரில் பார்த்தால் தாய் உட்கார்ந்திருப்பது பாறையோடு பாறையாகத் தெரிந்தது, இரண்டு காதுக்கொம்பும் ஒரு ஜோடி ஆரஞ்சுக் கண்ணும் மட்டும் தனியாக. முட்டை பொரிய ஏறக்குறைய 33 நாள் ஆகும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். தை கடைசியில் போனபோது வெள்ளைப் பஞ்சை உருட்டி வைத்த மாதிரி மூன்று குஞ்சு. அன்றைக்குச் சாப்பிடாமல் இறங்கி வந்தேன், பசியே தெரியவில்லை.

இதை மனசுக்குள்ளேயே வைத்திருந்திருக்க வேண்டும். டீக்கடையில் பழக்கமான ஒரு தம்பி, நல்ல கேமரா வைத்திருக்கிறான், பறவைமேல் உண்மையான ஆசை. 'அண்ணே ஒரே ஒரு தடவை காட்டுங்கண்ணே' என்று பத்து நாள் பின்னாலேயே வந்தான். கூட்டிக்கொண்டு போனேன். அவன் தூரத்தில் இருந்தே அழகாக எடுத்தான், அவனைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் படம் உங்கள் பேப்பரின் மாவட்டப் பக்கத்தில் மாசி மாதம் வந்தது. ஊர் பெயர், கோயில் பெயர், எத்தனையாவது படிக்கட்டில் இடப்பக்கம் திரும்ப வேண்டும் என்பது வரைக்கும் போட்டிருந்தீர்கள். அவன் பெயரும் வந்தது. டீக்கடையில் பேப்பரை விரித்து வைத்து எல்லோருக்கும் காட்டினான், நானும் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அடுத்த ஞாயிறு காலை எட்டரைக்கு நான் அங்கே போனபோது அடிவாரத்தில் பைக் வரிசையாக நின்றது, இரண்டு காரில் ஒன்று கர்நாடக வண்டி. மேலே முப்பது பேருக்குக் குறையாது. யாரும் கெட்டவர்கள் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள், ஒரு அம்மா குஞ்சைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆனால் படம் எடுக்க மறைக்கிறது என்று அந்த உண்ணிச்செடிக் கிளைகளை யாரோ ஒடித்துக் கீழே போட்டிருந்தார்கள். திரை போய்விட்டது. குஞ்சுகள் மூன்றும் இறகைச் சிலிர்த்து உடம்பை இரண்டு மடங்காகக் காட்டிக்கொண்டு, அலகை டக் டக்கென்று அடித்துக்கொண்டு நின்றன. அது பயத்தில் மிரட்டுகிற வேலை. அதைப் பார்த்து ஒருவர், 'டான்ஸ் ஆடுது பாரு' என்றார்.

தாய் அங்கே இல்லை. பகலில் வெளியே கிளம்பிய ஆந்தையைக் காக்கை விடாது. பத்துப் பன்னிரண்டு காக்கை சூழ்ந்துகொண்டு கத்த, அது எதிர் மலையில் ஒரு பாறைப் பொந்தில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தது. கூட்டம் இருக்கிற வரைக்கும் அது திரும்பி வரவில்லை. கூட்டம் மதியம் வரைக்கும் இருந்தது. மாசி வெயில் நம்ம ஊர்ப் பாறையில் எப்படி இருக்கும் என்று வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செடி நிழல் இல்லை, தாய் இறக்கை நிழலும் இல்லை. நான் நாலு பேரிடம் தள்ளி நிற்கச் சொன்னேன். 'நீங்க யார் சார், ஃபாரஸ்ட்டா?' என்று கேட்டார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

புதன்கிழமை போனபோது குஞ்சு இரண்டுதான் இருந்தது. மூன்றாவது என்ன ஆனது என்று நான் கண்ணால் பார்க்கவில்லை, அதனால் எதையும் அடித்துச் சொல்ல மாட்டேன். அதே வாரத்தில் நெற்றி நிறையக் குங்குமம் வைத்த ஒருவர் அடிவாரப் பெட்டிக்கடையில் வந்து, பேப்பரில் வந்த ஆந்தை எந்தப் பக்கம் என்று விசாரித்துவிட்டுப் போனதாகக் கடைக்காரர் சொன்னார். ஆந்தையை மாந்திரீகத்துக்குப் பிடிக்கிறவர்கள் நாட்டில் உண்டு என்பது உங்களுக்கும் தெரிந்த சங்கதிதான், நீங்களே செய்தி போட்டிருப்பீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். சட்டம் இருக்கிறது, ஆனால் வழி கேட்டு வருகிறவனுக்கு வழியை நாமே அச்சடித்துக் கொடுத்துவிட்டோம். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பங்குனியில் அந்த இரண்டும் தத்தித் தத்தி நடந்து மேல் இடுக்குக்குப் போனதைப் பார்த்த பிறகுதான் நிம்மதி.

இந்த இடத்தில் என் அக்கா மகளைப் பற்றி ஒரு வார்த்தை. வேலூரில் நர்ஸிங் முடித்துவிட்டு இப்போது இங்கிலாந்தில் வடக்குப் பக்கம் வேலையில் இருக்கிறாள். என் பைத்தியம் கொஞ்சம் அவளுக்கும் ஒட்டிக்கொண்டது, லீவு நாளில் 'மூர்லாண்ட்' என்கிற மேட்டு நிலத்தில் நடக்கப் போகிறாள். மரமே கிடையாது, மேடு மேடாகக் கண்ணுக்கெட்டிய வரை முழங்கால் உயரப் புதர். ஹெதர் என்று பெயராம், ஆகஸ்டில் மொத்த மலையும் கத்தரிப்பூ நிறத்துக்குப் போய்விடும் என்று படம் அனுப்பினாள். மரம் இல்லாததால் அங்கே பறவைகள் தரையில்தான் முட்டையிடுகின்றன. அதில் ஒன்று நீண்டு கீழே வளைந்த மூக்குள்ள பறவை, பெயர் கேட்டால் சிரிப்பீர்கள், நம்ம தமிழ்ப் பறவைப் புத்தகங்களில் அதற்குத்தான் கோட்டான் என்று பெயர். எங்கள் கோட்டான் வேறு, அந்தக் கோட்டான் வேறு. இரண்டும் தரையில் முட்டை வைக்கிற ஜாதி என்பதில் மட்டும் ஒற்றுமை.

அவள் அனுப்பிய படங்களில் எனக்குப் பிடித்தது பறவை இல்லை, பாதை ஆரம்பத்தில் இருந்த ஒரு போர்டு. மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயைக் கூட்டி வந்தால் 2 மீட்டருக்கு மேல் போகாத கயிற்றில்தான் பிடித்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. ஜனங்கள் நடக்கத் திறந்துவிட்ட மேட்டு நிலங்களுக்கு 2000-ல் போட்ட சட்டத்திலேயே இது இருக்கிறதாம். நடக்காதே என்று சொல்லவில்லை, பார்க்காதே என்றும் சொல்லவில்லை. முட்டை இருக்கிற ஐந்து மாதம் கொஞ்சம் அடக்கி வாசி என்கிறது, அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் வெள்ளைக்காரனைப் பார் என்று சொல்கிறவன் இல்லை நான். அங்கேயும் முட்டை திருடுகிறவர்கள் இருந்திருக்கிறார்கள், அவர்கள் பாடு அவர்களுக்கு. ஆனால் இரண்டு மீட்டர் கயிறு என்று அளந்து எழுதியிருந்தது எனக்குப் பிடித்திருந்தது.

நம்ம ஊரிலும் தரையில் முட்டையிடுகிற பறவைகளுக்குப் பஞ்சமில்லை. ஆள்காட்டி இருக்கிறதே, 'டிட் டி டு இட்' என்று ராத்திரியில் கத்திக்கொண்டு போகுமே, அது நாலு முட்டையைக் கூழாங்கல்லுக்கு நடுவில் வைக்கும். ஏரிக்கரைப் பக்கம் மனைப்பிரிவு போட்டுக் கல் நட்ட ஒரு காலி நிலத்தில் நானே மிதிக்கப் போய் ஒரு அடி முன்னால் நின்றேன். தோல் வெட்டின கண்ணுக்கே அது முதலில் கல்லாகத்தான் தெரிந்தது. வெயில் நேரத்தில் அது தண்ணீரில் போய் வயிற்று இறகை நனைத்து வந்து முட்டைமேல் உட்காரும், சூடு தணிக்க. உங்கள் போட்டிக்கு லொகேஷனோடு அந்த முட்டைப் படம் வந்து, நாலு பேர் பார்க்கப் போனால், முதல் இரண்டு பேர் காலடியிலேயே கதை முடிந்துவிடும்.

இடம் சொல்லாவிட்டால் எப்படி நம்புவது, பொய்ப் படம் வருமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். இடத்தை உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள், அச்சில் போடாதீர்கள். இ-பேர்ட் என்று உலகம் முழுக்கப் பறவைக் கணக்கு எழுதுகிற தளத்திலேயே ஆபத்தில் உள்ள சில பறவைகளின் இடத்தைப் பொதுவில் காட்டுவதில்லை, பதிவு மட்டும் உள்ளே இருக்கும். பொங்கல் சமயத்தில் தமிழ்நாடு முழுக்க நடக்கிற பறவைக் கணக்கெடுப்பில் நானும் ஏரி ஏரியாக எண்ணி எழுதுகிறேன். ஏரியில் நிற்கிற நாரைக்கும் நத்தைகுத்திக்கும் இடம் சொன்னால் ஒன்றும் குடிமுழுகாது, சொல்லவும் வேண்டும், நாளைக்கு அந்த ஏரியில் குப்பை கொட்ட வந்தால் கையில் கணக்கு இருக்கும். நான் கேட்பது கூட்டுக்கு மட்டும். கூட்டுப் படமே வேண்டாம், முன்னுரிமையை வேறு எதற்காவது கொடுங்கள் என்றால் இன்னும் நல்லது. பரிசு என்று வந்துவிட்டால் கிளை ஒடிக்கிற கை கூடும். திருப்பத்தூர் மாவட்டம், வேலூர் மாவட்டம், ராணிப்பேட்டை மாவட்டம் என்று போட்டால் போதாதா? 2019-ல்தான் மூன்றாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்களே, அதையாவது உபயோகப்படுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. செல்போனில் பறவையின் குரலைப் போட்டு அதை வெளியே வரவழைத்துப் படம் எடுக்கிற பழக்கம் ஏலகிரிப் பாதையிலும் வந்துவிட்டது. தன் இடத்தில் வேறு ஒரு ஆண் புகுந்துவிட்டது என்று நினைத்து அது குஞ்சை விட்டுவிட்டு ஓடி வருகிறது. அப்படி எடுத்த படத்துக்குப் பரிசு கிடையாது என்று ஒரு வரி சேர்த்தால் புண்ணியம். யார் எப்படி எடுத்தார்கள் என்று கண்டுபிடிக்க முடியாதுதான், ஆனாலும் எழுதி இருந்தால் பத்தில் நாலு பேர் யோசிப்பார்கள்.

கடிதம் நீண்டுவிட்டது. வெட்ட வேண்டுமானால் ஏலகிரி பத்திகளை வெட்டிக்கொள்ளுங்கள், ஒடித்த கிளை விஷயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கொம்பன் ஆந்தை வருஷா வருஷம் அதே இடத்தில்தான் முட்டையிடும் என்பார்கள். இந்த மார்கழியில் மூன்று தடவை ஏறினேன். வெள்ளைக் கோடுகள் மழையில் கரைந்து மங்கிவிட்டன, கீழே புது உருண்டை ஒன்றுகூட இல்லை. ஒடித்த உண்ணிச்செடி மட்டும் மறுபடியும் தழைத்து அந்தக் குழிவைப் பாதி மூடியிருக்கிறது. தை மாதத்தில் ஒரு நாள் இருட்டுகிற நேரத்தில் இறங்கும்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம் 'பூ... ஹூ' என்று அடித்தொண்டையில் ஒரு குரல் கேட்டது, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று பதில் கொடுத்தது. டீக்கடைத் தம்பி இன்னமும் கேட்டுக்கொண்டே இருக்கிறான், 'எங்கண்ணே கேட்டுச்சு?' என்று. பால் இல்லாமல் ஒரு டீ சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஆம்பூர்.